ஆறாத பௌத்திரம்: க்ரோன்ஸ் நோயாளி ஒருவரின் இரண்டு வருடம்

பௌத்திரம் என்பது ஆசனவாயின் உள்ளேயிருந்து (உள்துளை) வெளித்தோல் வரை (வெளித்துளை) சீழ் வடிகிற ஒரு பாதை. க்ரோன்ஸ் என்பது குடலில் நாள்பட்ட அழற்சியும் புண்ணும் உண்டாக்குகிற நோய், பௌத்திரத்துக்கு அதுவும் ஒரு காரணம். இது நோயாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக வயது, ஊர் மாதிரி சில விவரங்களை லேசாக மாற்றியிருக்கிறேன், மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை. நான் பொது அறுவை மருத்துவன். குடல் மட்டுமே பார்க்கிற ஸ்பெஷலிஸ்ட் இல்லை. நம் ஊரில் பௌத்திரம் முதலில் வந்து சேர்வது என்னைப் போன்றவர்களிடம்தான் என்பதால் இதை எழுதி வைப்பதில் அர்த்தம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பின்னணி

26 வயது இளைஞர். திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் வேலை, அதாவது காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டரை வரை அந்த ஸ்டூல்தான். ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு காஷுவாலிட்டிக்கு வந்தார். ஆசனவாய்க்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி, காய்ச்சல், ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடிந்தது. அதற்கு ஐந்து மாதம் முன்பு, "ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்று போர்டு மாட்டிய ஓரிடத்தில் மூலம் என்று சொல்லி இரண்டு ஊசி போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் எது வந்தாலும் அதற்கு மூலம் என்றுதான் பெயர். கட்டியா, வெடிப்பா, பௌத்திரமா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

அன்று ராத்திரியே கட்டியைத் திறந்து சீழை வெளியேற்றினேன். அதில் தவறில்லை, சீழ் இருந்தால் திறந்துதான் ஆக வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் "வேறு நோய் எதுவும் இல்லை" என்று எழுதினேன். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார், அதோடு முடிந்தது. வயிறு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை.

முதல் அறுவை

எட்டு வாரம் கழித்து வந்தார். கட்டி திறந்த இடத்தில் சின்னத் துளை, உள்ளாடையில் தினமும் கறை. இது எதிர்பார்க்கக் கூடியதுதான். ஆசனவாய்க் கட்டி திறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குப் பிறகு பௌத்திரம் உண்டாகும். நோயாளியை மல்லாத்திப் படுக்க வைத்துப் பார்க்கும்போது ஆசனவாயை ஒரு கடிகாரம் மாதிரி வைத்துக்கொண்டு இடம் குறிப்போம், முன்பக்கம் 12 மணி, முதுகுப் பக்கம் 6 மணி. வெளித்துளை 7 மணியில் இருந்தது. புரோபை (பாதையைத் தேடும் மெல்லிய கம்பி) விட்டால் வழுக்கிக்கொண்டு நேராக 6 மணி உள்துளைக்குப் போய்விட்டது. கைக்குத் தாழ்வாகத்தான் பட்டது, அதாவது மலத்தை அடக்குகிற சுருக்குத் தசையை அதிகம் கடக்காத பாதை. எம்ஆர்ஐ எடுக்கவில்லை. "சாதாரண கேஸ்" என்று பாதையை முழுசாக வெட்டித் திறந்துவிட்டேன், ஃபிஸ்டுலாட்டமி. உள் சுருக்குத் தசையில் கீழ்ப்பகுதியும் வெளிச் சுருக்குத் தசையில் கொஞ்சமும் அதில் போயிற்று.

இரண்டு விஷயங்களை இங்கே சொல்ல வேண்டும். ஆசனவாயைச் சுற்றி சதைப்பற்றான, கொஞ்சம் நீலம் பாய்ந்த, காது மடல் மாதிரித் தொங்கும் தோல் மடிப்புகள் இருந்தன. பக்கவாட்டில் 3 மணியில் ஒரு வெடிப்பு, வலியே இல்லாதது. சாதாரண வெடிப்பு பின்பக்க நடுவில் வரும், சில சமயம் முன்பக்க நடுவில், உயிர் போகிற மாதிரி வலிக்கும். பக்கவாட்டில் வலிக்காத வெடிப்பு இருந்தால் குடலைப் பார் என்று மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பார்த்தேன், குறிப்பேட்டில் எழுதவும் செய்தேன், யோசிக்கவில்லை. இன்னொன்று, பாதையின் சுவரில் ஒரு துண்டு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவது நம் ஊரில் டிபிக்காகவே வழக்கமாகச் செய்கிற காரியம். அன்றைக்கு அனுப்பவில்லை. ஏன் என்று பலமுறை யோசித்துவிட்டேன், சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஆறாத புண்

தாழ்வான பௌத்திரத்தை வெட்டித் திறந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் புண் மூடிவிட வேண்டும். இவருக்குப் பன்னிரண்டு வாரம் ஆகியும் மூடவில்லை. விளிம்பு அடியில் குடைந்துகொண்டு போனது, தளம் வெளுத்துச் சொதசொதவென்று கிடந்தது. பதின்மூன்றாவது வாரம் இடது பக்கம், 4 மணியில், புதிதாக ஒரு துளை திறந்து சீழ் வந்தது. டிரெஸ்ஸிங் சரியில்லை, வேலைக்குச் சீக்கிரம் போய்விட்டார், சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை என்றெல்லாம் நான் நோயாளி பக்கமே காரணம் தேடிக்கொண்டிருந்தேன்.

முடிச்சை அவிழ்த்தது டிரெஸ்ஸிங் அறை சிஸ்டர். "சார், இந்தத் தம்பி வர்றப்பல்லாம் ரெண்டு தடவை பாத்ரூம் போறாருங்க, கவனிச்சீங்களா?" என்றார்.

உட்கார வைத்துக் கேட்டேன். ஒன்றரை வருடமாகவே நாளைக்கு நாலைந்து தடவை இளகிப் போகிறது, ராத்திரியும் ஒரு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, அடிக்கடி வாயில் புண். "ஏம்ப்பா இத்தனை நாள் சொல்லலை?" என்றால், "நீங்க கேட்கலீங்க சார், இது வேற அது வேறன்னு நெனச்சேன்" என்றார். வேலை நேரத்தில் அடிக்கடி எழுந்து போனால் சூப்பர்வைசர் பார்ப்பார் என்று மத்தியானச் சாப்பாட்டையே பாதியாகக் குறைத்திருக்கிறார். 56 கிலோ இருந்தவர் 47 கிலோவுக்கு இறங்கியிருந்தார். அவருடைய அம்மா, பையன் வேலைக் களைப்பில் இளைக்கிறான் என்று தினமும் முட்டை கொடுத்திருக்கிறார்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.1, ஆல்புமின் என்ற புரதம் 2.8, இரண்டும் குறைவு. அழற்சியைக் காட்டும் சிஆர்பி 52, அதிகம். மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரொடெக்டின் 1,000க்கு மேல். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் பெருங்குடலின் வலப்பக்கத்திலும் நீளவாட்டுப் புண்கள், நடுநடுவே நல்ல குடல். மலக்குடலில் லேசான சிவப்பு மட்டும்.

டிபியா, க்ரோன்ஸா

மேலைநாட்டு அறிக்கைகளில் இந்தப் பகுதி ஒரு வரியில் முடிந்துவிடும். நமக்கு முடியாது. சிறுகுடல் கடைசியில் புண், எடை குறைவு, பயாப்ஸியில் கிரானுலோமா (அழற்சி அணுக்கள் திரண்ட சின்ன முடிச்சு) என்று மூன்றும் இருந்தால் இந்தியாவில் முதலில் டிபியைத்தான் நினைக்க வேண்டும், டிபியும் பௌத்திரம் உண்டாக்கும். எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற க்ரோன்ஸ் மருந்தை டிபிக்குக் கொடுத்தால் டிபி உடம்பெங்கும் பரவி ஆளையே கொன்றுவிடலாம். க்ரோன்ஸுக்கு டிபி மருந்து கொடுத்தால் உடனே ஆபத்தில்லை, ஆனால் மாதங்கள் வீணாகும், அதற்குள் குடல் சுருங்கிக்கொள்ளும், பௌத்திரம் கிளைவிடும்.

இரைப்பைக் குடல் மருத்துவரிடம் கேஸைக் கொண்டுபோனேன். இங்கிருந்து எல்லா முடிவும் இருவரும் சேர்ந்து எடுத்ததுதான். பயாப்ஸியில் கிரானுலோமா சின்னதாக இருந்தது, டிபியில் வழக்கமாகத் தெரிகிற நடு அழுகல் இல்லை. டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் நெகட்டிவ். கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கு ஆறு வாரம். சிடியில் நெஞ்சு சுத்தம், வயிற்றில் நடு அழுகிய நிணநீர்க் கட்டிகள் இல்லை. இதோடு பக்கவாட்டு வெடிப்பு, தொங்கும் தோல் மடிப்பு, கிளைவிடும் பௌத்திரம், வாய்ப்புண் எல்லாம் க்ரோன்ஸ் பக்கமே தராசை இழுத்தன. சந்தேகத்துக்கு டிபி மாத்திரையை ஆரம்பித்து, இரண்டு மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோபி செய்து புண் ஆறுகிறதா என்று பார்ப்பது இங்கே பலரும் போகிற வழி. அதில் தப்பில்லை. இவருக்கு அதற்குப் போகாமல் கல்ச்சருக்குக் காத்திருந்தோம். காத்திருந்த நேரத்தில் என் பக்கத்து வேலை ஒன்று பாக்கி இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

மயக்கத்தில் பார்த்ததும் நூல் போட்டதும்

இந்தத் தடவை முதலில் எம்ஆர்ஐ. 6 மணி உள்துளையிலிருந்து பாதை பின்பக்க ஆழமான இடைவெளிக்குப் போய், அங்கே சீழ்க்குளம் கட்டி, இடமும் வலமும் குதிரை லாடம் மாதிரி இரண்டு கை விரித்திருந்தது. நான் வெட்டித் திறந்தது அந்த வலது கையின் நுனியைத்தான்.

முதுகில் மயக்க ஊசி போட்டுப் பரிசோதித்தேன். இரண்டு கைகளையும் திறந்து, சீழ்க்குளத்தைக் கழுவி, ஒவ்வொன்றிலும் மெல்லிய சிலிக்கான் வளையம் ஒன்றை உள்துளை வழியாக விட்டுத் தளர்வாகக் கட்டினேன். இதுதான் சீட்டன். பயாப்ஸியும் எடுத்தேன், இந்தத் தடவை மறக்கவில்லை.

நூல் என்றதும் அவருடைய மாமா ஒருவர், "கட்டிக் கட்டி அறுத்து எடுப்பாங்களே, அதுங்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவர் சொன்னது ஆயுர்வேத க்ஷாரசூத்திரம், கள்ளிப்பாலும் நாயுருவிச் சாம்பல் உப்பும் மஞ்சளும் ஏற்றிய நூல். வாரம் ஒருமுறை மாற்றுவார்கள், அது மெல்ல மெல்லப் பாதையை அறுத்துக்கொண்டு வரும். சாதாரண பௌத்திரத்தில் அதை ஒதுக்கிவிட முடியாது, 1991இல் வெளியான ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பல மைய ஆய்வில் அறுவையைவிட ஆறுவதற்கு நாள் கூடினாலும் மறுபடி வருவது குறைவாக இருந்தது. க்ரோன்ஸில் அறுக்கிற நூலே கூடாது. தசையும் போகும், நோய் அடங்காததால் புண்ணும் ஆறாது. இந்தச் சிலிக்கான் நூல் அறுப்பதற்கில்லை. கதவை ஒருக்களித்து வைக்கிற மாதிரி, சீழ் உள்ளே தேங்காமல் வழியைத் திறந்து வைப்பது மட்டுமே அதன் வேலை. மாமாவுக்கு இதைப் புரிய வைக்க எனக்கு ஒரு டிராயிங்கும் பதினைந்து நிமிடமும் ஆயிற்று.

ஒரு சின்ன விஷயம், பாடப்புத்தகத்தில் பெரிதாகச் சொல்வதில்லை. முடிச்சு பெரிதாக இருந்தால் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அது முள். முதல் வாரமே "சார், முடிச்சு குத்துது" என்று வந்தார். அவிழ்த்து, வளையத்தின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பட்டு நூலால் தட்டையாகக் கட்டினேன். அப்புறம் புகார் இல்லை.

மருந்து

கல்ச்சர் நெகட்டிவ் வந்தது. பௌத்திரச் சுவர் பயாப்ஸியிலும் அழுகாத கிரானுலோமாதான். க்ரோன்ஸ் என்று முடிவு செய்து இன்ஃப்ளிக்ஸிமேப் என்ற, அழற்சியை அடக்கும் ஊசி மருந்தைத் தொடங்கத் தயாரானபோது ஐகிரா பரிசோதனை பாசிட்டிவ், அதாவது உடம்பில் எங்கோ டிபி கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. நம் மண்ணில் இது ஆச்சரியமே இல்லை. டிபி மாத்திரையான ஐசோனையசிட் 300 மில்லி கிராமும் பைரிடாக்ஸின் என்ற வைட்டமினும் ஆறு மாதத்துக்கு ஆரம்பித்து, ஒரு மாதம் கழித்துத்தான் முதல் டோஸ் போட்டோம். ஹெபடைட்டிஸ் பி இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டோம்.

இன்ஃப்ளிக்ஸிமேப் கிலோவுக்கு 5 மில்லி கிராம், 0, 2, 6ஆம் வாரங்களில், பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை. 47 கிலோவுக்கு 235 போதும், வயல் நூறு நூறாக வருவதால் 300ஐயும் போட்டுவிட்டோம். ஒரு டோஸே அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். கம்பெனியில் இஎஸ்ஐ பிடித்திருந்தார்கள், அது இல்லாவிட்டால் இந்தக் கதை இரண்டாவது டோஸோடு நின்றிருக்கும். கூடவே எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் அசாதயோபிரின் மாத்திரை குறைந்த அளவில். ஆசியர்களிடம் அதிகம் காணப்படுகிற ஒரு மரபணு மாற்றத்தால் இந்த மாத்திரை வெள்ளணுக்களைத் திடீரென்று சரித்துவிடலாம், அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தோம்.

எவ்வளவு பலன் கிடைக்கும் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். 2004இல் வெளியான பெரிய ஆய்வில், முதல் டோஸ்களுக்குப் பலன் காட்டியவர்களைப் பிரித்து மருந்தைத் தொடர்ந்தபோது, ஒரு வருட முடிவில் எல்லாத் துளைகளும் வறண்டிருந்தது 36 சதவீதம் பேருக்கு, வெற்று மருந்து போனவர்களில் 19.

"அப்ப பத்துல ஆறு பேருக்கு ஆகலைங்களா சார்?"

"முழுசா ஆகலை தம்பி. கசிவு குறைஞ்சவங்க அதைவிட அதிகம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிங்க சார், போடுங்க" என்றார்.

மூன்றாவது டோஸுக்குள் வயிறு நாளைக்கு இரண்டு தடவையாக அடங்கியது. ஆறு மாதத்தில் எடை 54. என் பழைய வெட்டுப் புண், அத்தனை மாதம் எந்த டிரெஸ்ஸிங்குக்கும் மசியாதது, நாலாவது மாதத்தில் தானாக மூடிக்கொண்டது.

நூலை எப்போது எடுப்பது

இதற்கு எல்லோரும் ஒத்துக்கொள்கிற தேதி கிடையாது. சீக்கிரம் எடுத்தால் வெளித்துளை மூடி உள்ளே சீழ் கட்டும். எடுக்காமலே விட்டால் பாதை மூட வாய்ப்பே இல்லை. ஐந்தாவது மாதம் வலது பக்கம் வறண்டிருந்தது, அந்த நூலை எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. இடது பக்கம் தினமும் ஒரு பஞ்சு நனையும் அளவுக்குக் கசிந்தது. எட்டாவது மாத எம்ஆர்ஐயில் வலது கை தழும்பாகக் கறுத்துவிட்டது, இடது கை இன்னும் வெள்ளையாக மின்னியது, ஆனால் சீழ்க்குளம் இல்லை.

மூன்று வழிகளை அவர் முன்னால் வைத்தோம். நூலோடும் மருந்தோடும் அப்படியே போவது. மருந்தைத் தொடர்ந்துகொண்டே உள்துளையை அறுவையால் மூடிப் பார்ப்பது. எல்லாம் கைவிட்டால் வயிற்றில் பை வைத்து மலத்தைத் திருப்பிவிடுவது. பை என்றதும் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். தற்காலிகப் பை என்று வாயால் சொல்வது எளிது. க்ரோன்ஸ் பௌத்திரத்துக்காகப் பை வைத்தவர்களில் அதை மறுபடி இணைத்து அப்படியே நிலைத்தவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ஸ்டெம் செல் ஊசி பற்றி மொபைலில் படித்துவிட்டுக் கேட்டார். 2018இல் ஐரோப்பாவில் அனுமதி வாங்கிய மருந்து அது, இரண்டாவது பெரிய ஆய்வில் வெற்று ஊசியைவிட மேலாக நிற்கவில்லை, 2024 கடைசியில் அங்கேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

இரண்டாவது வழியை எடுத்தோம். குடலின் கடைசிப் பகுதியை மட்டும் கேமராவில் பார்க்கிற சிக்மாய்டோஸ்கோபியில் மலக்குடல் சுத்தமாக இருந்தது, மலக்குடல் சிவந்திருக்கும்போது அங்கே தையல் போடுவது வீண். 2022இல் வெளியான நெதர்லாந்து ஆய்வும் ஒரு காரணம். அதில் மருந்தோடு அறுவையும் செய்தவர்களில் பதினெட்டாவது மாத எம்ஆர்ஐயில் பாதை மூடியிருந்தது 32 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 9.

பத்தாவது மாதம் இடது நூலை எடுத்து, பாதையைச் சுரண்டி, உள்துளையைத் தைத்து, மேலிருந்து சவ்வையும் மெல்லிய தசையையும் மடலாக இறக்கி அதன்மேல் மூடினேன். சுருக்குத் தசையில் ஒரு நார்கூட வெட்டவில்லை. என் பழைய வெட்டின் தழும்பு சரியாக அந்த இடத்தில் இருந்ததால் மடலை இறக்குவது சிரமமாக இருந்தது, சாதாரணமாக ஆகிற நேரத்தைப் போல இருமடங்கு ஆயிற்று.

இப்போது வேறு மாதிரி செய்வது

கட்டி திறக்க வருகிற ஒவ்வொருவரிடமும் ராத்திரி எத்தனை மணியானாலும் மூன்று கேள்வி கேட்கிறேன்: எத்தனை தடவை போகிறீர்கள், எடை குறைந்ததா, வாய்ப்புண் வருகிறதா. காஷுவாலிட்டி சீட்டிலேயே அச்சடித்து வைத்துவிட்டோம், என் ஞாபகத்தை நம்பி இருப்பதைவிட அது மேல். வயிறு இளகுகிற இளைஞருக்கோ, பக்கவாட்டு வெடிப்பு உள்ளவருக்கோ, இரண்டாவது துளை திறந்தவருக்கோ எம்ஆர்ஐயும் கொலோனோஸ்கோபியும் இல்லாமல் கத்தி எடுப்பதில்லை. பாதையின் சுவர் எல்லோருக்கும் பயாப்ஸிக்குப் போகிறது. க்ரோன்ஸில் ஃபிஸ்டுலாட்டமி அறவே கூடாது என்று சொல்லவில்லை, தோலுக்கு அடியிலேயே ஓடுகிற பாதை, மலக்குடல் சுத்தம் என்றால் செய்யலாம். அது அப்படிப்பட்டதுதானா என்பதை புரோப் தீர்மானிக்கக் கூடாது.

முதல் தடவையே மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பதுண்டு. லாட வடிவப் பாதை அப்போதும் இருந்திருக்கும், மருந்தும் நூலும் இதே மாதிரி தேவைப்பட்டிருக்கும். ஏழெட்டு மாதம் மிச்சமாகியிருக்கும். தசை மிச்சமாகியிருக்கும்.

கடைசியாகப் பார்த்தபோது

மடல் அறுவை முடிந்து பதினான்கு மாதம். வலது பக்கம் மூடியபடியே இருக்கிறது. இடது பக்கம் மூன்றாவது மாதம் மூடி, ஒன்பதாவது மாதம் ஒரு டோஸ் தள்ளிப்போன சமயத்தில் மறுபடி ஒரு வாரம் கசிந்து, மருந்து போனதும் நின்றது. பஞ்சு வைப்பதை விட்டுவிட்டார். எடை 58. இன்ஃப்ளிக்ஸிமேப் ஓடுகிறது, எப்போது நிறுத்தலாம் என்று இருவரும் இப்போதைக்குப் பேசவில்லை.

மலம் கசிவதில்லை. காற்றை மட்டும் சில சமயம் அடக்க முடிவதில்லை என்றார். பவர் டேபிள் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று சிரித்தார். நூலாலோ மருந்தாலோ மடலாலோ வந்த குறை இல்லை அது, முதல் அறுவையில் நான் வெட்டிய தசையால் வந்தது. அவரிடம் சொன்னேன். "அன்னைக்கே நானும் வயித்தைப் பத்திச் சொல்லியிருக்கணுங்க" என்றார். சொல்ல வேண்டியவர் அவர் இல்லை, கேட்க வேண்டியவன் நான் என்றேன்.

கிளம்பும்போது பொண்ணு பார்க்கிறார்கள் என்றார், அந்த வீட்டில் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று கேட்டார். நோயின் பெயரையும் எட்டு வாரத்துக்கு ஒரு ஊசி என்பதையும் சொல்லிவிடச் சொன்னேன், வேண்டுமானால் அவர்களை என்னிடம் கூட்டிவரவும் சொன்னேன். அடுத்த எம்ஆர்ஐ நாலு மாதம் கழித்து.